மணிலாவில் வேலை தேடுவோருக்கு உதவும் மூத்த தம்பதியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 முதல் 2020 வரை மணிலாவில், ஓர்ட்டிகாஸ் பகுதியிலிருந்த ஒரு கால் சென்டரில் ஆளெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஓர் அமெரிக்கத் தம்பதி, "வியாழக்கிழமை சாயங்காலம் எங்களோடு வந்து இரண்டு பேரை இன்டர்வியூ எடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்கள். சும்மா பயிற்சிக்குத்தான். ஒரு வாரம் என்று போனவள் ஒரு வருடம் போனேன். நான் மதுரைக்காரி, மீனாட்சியைக் கும்பிடுகிறவள். அந்தச் சபையில் சேரவில்லை, சேரச் சொல்லி அவர்கள் கேட்கவுமில்லை. இதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒரே மாதிரி கேள்விகள்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

இவர்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. வெளியில் 'மார்மன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். 2018-இலிருந்து முழுப் பெயரைச் சொல்லும்படி சபையே கேட்டுக்கொள்கிறது. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. பிலிப்பைன்ஸில் சபை முறையாகத் தொடங்கியது 1961 ஏப்ரலில். மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறு ஜெபக் கூட்டத்தோடு ஆரம்பித்தார்கள். 1984-இல் மணிலாவில் கோயிலே கட்டிவிட்டார்கள். இன்று அங்கே லட்சக்கணக்கான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளைச் சட்டையும் டையுமாக ஜோடி ஜோடியாக நடக்கும் பையன்கள்தானே மிஷனரிகள்? இதில் தாத்தா பாட்டிக்கு என்ன வேலை?

அந்தப் பையன்கள் 18 வயதிலிருந்தே போகிறார்கள், இரண்டு வருட ஊழியம். கதவைத் தட்டிப் பேசுவது அவர்கள் வேலை. மூத்த தம்பதியர் செய்வது வேறு. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட கணவனும் மனைவியும் சேர்ந்தே புறப்படுகிறார்கள். மருத்துவ உதவி, அலுவலகக் கணக்கு, நிவாரணப் பணி, வரலாற்றுத் தலங்களைப் பார்த்துக்கொள்வது என்று பல வகை ஊழியம் இருக்கிறது. வேலை தேடுவோருக்கு வழிகாட்டும் தற்சார்புப் பணி அதில் ஒன்று. கதவு தட்டும் கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் அதே கறுப்புப் பெயர்ப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். அவரை 'எல்டர்' என்றும் அந்த அம்மாவை 'சிஸ்டர்' என்றும் கூப்பிட வேண்டும். குடியிருப்பில் இருந்த சின்னப் பிள்ளைகள் அதைச் சட்டை செய்யாமல் 'லோலோ', 'லோலா' என்றே கூப்பிட்டார்கள். தகாலோக் மொழியில் தாத்தா, பாட்டி.

சம்பளம் உண்டா? செலவு யாருடையது?

சம்பளம் ஒரு பைசா கிடையாது. வீட்டு வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்களுடைய சேமிப்பிலிருந்தும் ஓய்வூதியத்திலிருந்தும்தான். பல நாடுகளில் வாடகை எகிறிப்போனதால், ஒரு தம்பதி வீட்டுக்காகக் கொடுக்கும் தொகைக்கு 2011-இல் சபை ஓர் உச்சவரம்பு வைத்தது. மாதம் 1,400 டாலர். அதற்கு மேல் போனால் சபை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆறு மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம், 23 மாதம் என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான் பார்த்தவர்கள் 18 மாதத்துக்கு எழுதிக்கொடுத்து வந்தவர்கள்.

எந்த நாட்டுக்குப் போவது என்று அவர்களே முடிவு செய்யலாமா?

விருப்பத்தைச் சொல்லலாம். அழைப்புக் கடிதத்தில் எந்த ஊர் வருகிறதோ அங்கே போக வேண்டும். இவர்கள் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு விளையும் ஊரிலிருந்து வந்தவர்கள். அவர் லாரி கம்பெனியில் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று பார்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் காரியதரிசி. கடிதம் வரும்வரை இருவரும் கடலைத் தாண்டியதில்லை.

வேலை வாங்கிக் கொடுப்பார்களா?

மாட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஏமாற்றமடைவதும் இங்கேதான். சிபாரிசுக் கடிதம் கிடையாது, கம்பெனிகளோடு ரகசிய ஏற்பாடு கிடையாது, அமெரிக்க விசாவும் கிடையாது. முதல் கூட்டத்திலேயே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் எழுந்து போய்விடுவதும் உண்டு.

பிறகு என்னதான் செய்கிறார்கள்?

ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். வாரம் ஒரு கூட்டம், பன்னிரண்டு வாரம். நான் போனது வேலை தேடுவோர் குழு. சிறுதொழில் தொடங்குவோர், படிப்பைத் தொடர நினைப்போர், வரவு செலவைச் சீர்படுத்த வேண்டியவர்கள் ஆகியோருக்குத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. ஆசிரியர் என்று யாரும் முன்னால் நின்று பாடம் நடத்துவதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டத்தை நகர்த்துவார், தம்பதி ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் போன வாரம் சொன்னதைச் செய்தார்களா என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் வாரத்தின் நடுவில் விசாரித்துக்கொள்ள ஜோடி பிரித்துவிடுவார்கள்.

வேலை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்யச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 15 புதுத் தகவல், 10 பேரோடு தொடர்பு, 2 பேரை நேரில் பார்ப்பது. 15-10-2 என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. தகவல் என்றால் பெரிய விஷயமாக நினைக்க வேண்டாம். கம்பெனிப் பெயரோ, தெரிந்தவரின் தெரிந்தவரோ, பேருந்து நிறுத்தத்தில் பார்த்த அறிவிப்போ எதுவும் கணக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து மூன்று வாரத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பிவிட்டு "எங்கேயும் வேலையில்லை" என்று சோர்ந்துபோனவர்களை இந்த எண்கள் எழுப்பி உட்காரவைத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

'முப்பது விநாடியில் நான்' என்று அங்கே ஒரு பயிற்சி உண்டாமே, அது என்ன?

நான் யார், என்ன செய்திருக்கிறேன், அதனால் என்ன நன்மை விளைந்தது, உங்களுக்கு எப்படிப் பயன்படுவேன் என்று அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். கேட்க எளிது. பிலிப்பைன்ஸில் இது மலையைப் புரட்டுகிற வேலை. அங்கே 'ஹியா' என்று ஒரு சொல் உண்டு. கூச்சம், நாணம், நாலு பேர் முன்னால் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒழுக்கம் எல்லாம் அதில் அடங்கும். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் தலை குனிந்துவிடும். நம் வீடுகளிலும் "தற்பெருமை பேசாதே" என்று சொல்லித்தானே வளர்க்கிறார்கள்?

ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். வெளியே நல்ல மழை. 41 வயதுப் பெண் ஒருவர் வந்திருந்தார். வீட்டு வாசலில் சரி-சரி கடை வைத்திருந்தவர். நம் பெட்டிக்கடை மாதிரிதான், ஷாம்பு பாக்கெட் முதல் முட்டைவரை தொங்கும். கணவருக்கு உடம்பு முடியாமல் போனதால் கடையை மூடிவிட்டார். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டதும் "வலா போ" என்றார். ஒன்றும் தெரியாதுங்க என்று அர்த்தம். நான் இன்டர்வியூ எடுக்கிறவள். என் அலுவலகத்தில் இப்படிப் பதில் வந்தால் தாளைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன்.

சிஸ்டர் அப்படிக் கூப்பிடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடையில் கடன் கொடுப்பீர்களா?"

"கொடுப்பேன்."

"எத்தனை வீட்டுக்கு?"

விரல் விட்டு எண்ணி, 23 என்றார்.

"எதில் எழுதினீர்கள்?"

'லிஸ்தஹான்' என்று ஒரு நோட்டு. கைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினார். ஓரம் மடங்கிய பள்ளிக்கூட நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, சாமான், தொகை, கொடுத்தது, பாக்கி. சம்பள நாள் 15-ஆம் தேதி, 30-ஆம் தேதி என்பதால் அந்த நாட்களில் சிவப்பு மையில் கோடு. எந்த வீட்டுக்கு எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று மூலையில் ஒரு சின்ன எண். எட்டு வருடக் கணக்கு. வராமல் போன பாக்கி இரண்டே வீடு.

அந்த அம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு என்னிடம் தள்ளி, "நீங்கள் சொல்லுங்கள், இதற்கு உங்கள் அலுவலகத்தில் என்ன பெயர்?" என்றார். வாடிக்கையாளர் கணக்கு, கடன் வரம்பு, வசூல், இருப்புச் சரிபார்ப்பு என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்லத் தொண்டை அடைத்தது. அந்தப் பெண் தன் நோட்டைத் திரும்ப வாங்கி, முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். அவருடைய முப்பது விநாடி அன்று இப்படி முடிந்தது: "எட்டு வருடம் 23 குடும்பத்தின் கணக்கைத் தினமும் நான் ஒருத்தியே எழுதினேன். இரண்டு வீட்டைத் தவிர எல்லோரும் கடனைத் தீர்த்துவிட்டார்கள்."

மூன்றாவது இன்டர்வியூவில் ஒரு மருந்துக் கடையில் இருப்புக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு அங்குள்ள வேலைச் சந்தை என்ன தெரியும்?

முதலில் ஒன்றும் தெரியாது. எல்டர் ஆரம்பத்தில், "நேரே மேனேஜரைப் போய்ப் பாருங்கள், கையை இறுக்கிக் குலுக்குங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். மணிலாவில் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிதான் பல இடங்களில் விண்ணப்பத்தை வாங்குகிறவர். அவரைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. குழுவை நடத்திய உள்ளூர்ப் பையன் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெரியவர் உடனே பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, "அந்தக் காவலரிடம் எப்படிப் பேச வேண்டும், நீ சொல்லிக்கொடு" என்று சாக்பீஸை அவன் கையில் கொடுத்தார். அவர் மீது எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது. கடைகளில் அச்சடித்து விற்கும் பயோடேட்டா தாளில் உயரம், எடை, மதம் எல்லாம் கேட்டிருக்கும். நிறையப் பேர் அதையே நிரப்பிக் கொடுப்பார்கள். போலீஸ் சான்றிதழ் போல என்.பி.ஐ. கிளியரன்ஸ் ஒன்று வாங்க வேண்டும். சாண்டோஸ், ரெயஸ் போன்ற பரவலான பெயர் இருந்தால், அதே பெயரில் எங்கோ ஒரு வழக்கு இருக்கும். கணினியில் 'ஹிட்' என்று வந்து சான்றிதழ் நாள் கணக்கில் தள்ளிப்போகும், கையில் வந்த வேலை நழுவும். அதனால் வேலை தேடத் தொடங்கும் முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வோம். முதல்முறை வேலை தேடுகிறவர்களுக்கு இந்தமாதிரி அரசு ஆவணங்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று 2019-இல் சட்டம் வந்தது. குழுவில் பாதிப் பேருக்கு அது தெரியாது. விளம்பரத்தில் '18 முதல் 25 வயது' என்று போடக் கூடாது என்ற சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அதுவும் தெரியாது.

'எண்டோ' என்ற சொல்லையும் அங்கேதான் கற்றேன். ஆறு மாதம் வேலை பார்த்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்பதால் ஐந்தாவது மாதமே ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடும் வழக்கம். ஒருவருடைய விண்ணப்பத்தில் ஏழு கடை, ஏழிலும் ஐந்தைந்து மாதம். ஊர் தெரியாதவர் பார்த்தால் நிலையில்லாத ஆள் என்பார். அவர் எங்கேயும் தானாக விலகியதே இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு?

நிறையப் பேர் வருவார்கள். துபாய், சவுதி, ஹாங்காங் என்று வீட்டுக்கு ஒருவர் வெளியில் இருக்கும் நாடு அது. போகாதே என்று தம்பதி யாரையும் தடுத்ததில்லை. ஏஜென்சிக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கூடவே உட்கார்ந்து பார்ப்பார்கள். பிலிப்பைன்ஸ் விதிப்படி ஏஜென்சிக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வீட்டு வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போகிறவர்களிடம் அதுவும் வாங்கக் கூடாது. வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சிக்கு ஆறு மாதச் சம்பளம் கட்டுவதற்காக நிலத்தை அடகு வைக்கக் கிளம்பிய ஒரு பெண்ணை அந்த ஒரு தகவல் நிறுத்தியது. நம் ஊர்களில் ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டு வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மதம் மாற்றுவதற்குத்தானே இதெல்லாம்?

நேராகவே சொல்கிறேன். கூட்டம் நடப்பது சபையின் கட்டடத்தில். ஆரம்பத்திலும் முடிவிலும் ஜெபம் உண்டு. பாடப் புத்தகத்தில் வேத வசனம் உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர் சபையினர். ஆனால் கத்தோலிக்கரும் வந்தார்கள், நானும் போனேன். சேர்ந்தால்தான் உதவி என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுடைய நம்பிக்கையிலிருந்துதான் இந்த ஊழியம் வருகிறது, அதை அவர்கள் மறைப்பதுமில்லை. ஜெபம் உங்களுக்குச் சங்கடம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் கண்ணைத் திறந்து அமைதியாக உட்கார்ந்திருப்பேன், ஒருவரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

பண உதவி?

தம்பதி கையிலிருந்து யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. கஷ்டத்தில் இருக்கும் உறுப்பினருக்கு அந்தப் பகுதி பிஷப் பார்த்துச் செய்வார். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவைச் சபையினர் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். அதிலிருந்து போகும்.

படிப்புக்கு மட்டும் தனியாக ஒரு கடன் நிதி உண்டு. 2001 மார்ச் 31 அன்று அப்போதைய சபைத் தலைவர் கார்டன் ஹின்க்லி அறிவித்தது. ஊழியம் முடிந்து வீடு திரும்பும் ஏழை நாட்டுப் பையன்கள் புறப்பட்ட அதே வறுமைக்குத் திரும்புகிறார்கள் என்ற கவலைதான் காரணம். இதற்கு முன்னோடியாக, யூட்டாவுக்கு வர வசதியில்லாத உறுப்பினர்களுக்கு 1849-இல் ஒரு பயணக் கடன் நிதி தொடங்கினார்கள். வந்து சேர்ந்தவர் சம்பாதித்துத் திருப்பிக் கட்டினால் அடுத்தவர் புறப்படலாம். படிப்பு நிதியும் அதே முறையில்தான் சுழல்கிறது.

எல்லோருக்கும் வேலை கிடைத்ததா?

இல்லை. சமார் தீவிலிருந்து வந்த 22 வயதுப் பையன் ஒருவன் பன்னிரண்டு வாரமும் ஒரு நாள் தவறாமல் வந்தான். 15-10-2 கணக்கைக் கட்டம் போட்டு எழுதிக் காட்டினான். எங்கும் எடுக்கவில்லை. எங்கள் கம்பெனியிலும் நானே கூட்டிப்போய் உட்காரவைத்தேன், ஆங்கில உச்சரிப்புத் தேர்வில் தேறவில்லை. கடைசிக் கூட்டத்தில் அவன் முறை வந்தபோது பேச முடியவில்லை. எல்டர் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அறிவுரை சொல்லவில்லை. அன்று இரவு ஜீப்னி ஏறும்வரை கூடவே நின்றார். பிறகு அந்தப் பையன் அரசின் தொழிற்பயிற்சி அமைப்பான டெஸ்டாவில் வெல்டிங் சேர்ந்து சான்றிதழ் வாங்கினான். சொந்த ஊருக்கே போய்விட்டான்.

தம்பதிக்கு இதில் கஷ்டமே இல்லையா?

முதுமையில் புது ஊர், 35 டிகிரி புழுக்கம், மொழி தெரியாது. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. மேம்பாலப் படிக்கட்டைப் பார்த்தாலே நின்றுவிடுவார். எல்லாவற்றையும்விடப் பேரப்பிள்ளைகள். அவர்கள் மணிலாவில் இருக்கும்போது ஒரு பேத்தி பிறந்தாள். போனில் பார்த்தார்கள். மறுநாள் கூட்டத்துக்கு அந்த அம்மா பான்சித் செய்து கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறினார். பிறந்தநாளுக்கு அங்கே செய்யும் நூடுல்ஸ் அது.

அவர்கள் போன பிறகு வேலை நின்றுவிடாதா?

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் பிலிப்பைன்ஸில் இருந்த வெளிநாட்டு மிஷனரிகளை எல்லாம் சபை திருப்பி அழைத்தது. இவர்களுக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. இரண்டு நாளில் பெட்டி கட்டினார்கள். விடைபெறக்கூட ஆளைப் பார்க்க முடியவில்லை. ஊரடங்கு. அரிசியையும் மின்விசிறியையும் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

குழு நிற்கவில்லை. சாக்பீஸை வாங்கிய பையன் மெசஞ்சரில் கூட்டத்தைத் தொடர்ந்தான். அடுத்த குழுவை நடத்த மருந்துக் கடைப் பெண் முன்வந்தார். யாராவது "வலா போ" என்றால் அவர் தன் நோட்டை எடுத்து கேமராவுக்கு நேரே பிடிப்பாராம்.

நீங்கள் இன்னும் தொடர்பில் இருக்கிறீர்களா?

இருக்கிறேன். இப்போது சென்னையிலிருந்து வியாழக்கிழமைகளில் போனில் இன்டர்வியூ எடுக்கிறேன். மணிலாவில் மாலை 6 மணி, எனக்கு மதியம் 3.30. ஐடஹோவில் அப்போது விடிகாலை 4. எல்டர் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, டை கட்டிக்கொண்டு, சமையலறை மேசையிலிருந்து இரண்டு பேரைக் கேள்வி கேட்கிறார். குளிர்காலத்தில் அங்கே நேரம் மாறி 3 மணி ஆகிவிடும். அப்போதும் வருகிறார்.